வடசென்னையிலிருந்து ஒரு கோடைப் பூந்தோட்டப் பயணம்: எதை, எப்போது, எப்படிப் பார்ப்பது

மே மாதம் பூங்காவுக்குப் போய்வந்தவர்களைக் கேட்டால் பாதிப் பேர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "பூவே இல்ல, எல்லாம் காஞ்சு கெடக்கு." அவர்கள் பார்த்தது பாத்தியை. சென்னையில் பாத்திப் பூக்களின் காலம் மார்கழி, தை, மாசி. பெட்டூனியா, டயாந்தஸ், சால்வியா போன்றவை மழைக்காலத்தில் நாற்று விட்டு, குளிர்ந்த இரவுகளை நம்பிப் பூப்பவை. சித்திரை வெயில் ஏறியதும் வேர் வெந்து மடங்கிவிடும். அவற்றைக் கோடையில் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

கோடையில் இந்த ஊரில் பூப்பது மரம். சரக்கொன்றை, குல்மோகர், பெருங்கொன்றை, பூமருது, நாகலிங்கம், மகிழம் எல்லாம் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை முறை வைத்துப் பூக்கின்றன. ஆகவே முதல் பாடம்: குனிந்து தேடாதீர்கள், அண்ணாந்து பாருங்கள். இரண்டாவது பாடம், எந்தப் பூங்கா என்பதைவிட எந்த நேரம் என்பது முக்கியம். இந்த இரண்டையும் வைத்துத்தான் கீழே உள்ள திட்டம். எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு கிளம்புபவர்களை மனத்தில் வைத்து எழுதியது.

நாள் குறிப்பது

காலண்டரைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் தெருவைப் பாருங்கள். பக்கத்துப் பள்ளிக்கூட வாசலிலோ ரயில்வே குடியிருப்பிலோ ஒரு கொன்றை மரம் கட்டாயம் இருக்கும். அது இலையை உதிர்த்து, பச்சை மொட்டுச் சரம் விடத் தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ ஒரு வாரம் பத்து நாள் கழித்துப் போனால் ஊர் முழுக்க மஞ்சளாக இருக்கும். பொதுவாக ஏப்ரல் இரண்டாம் பாதியிலிருந்து மே நடுப்பகுதி வரை கொன்றை. குல்மோகர் மே முழுக்க, ஜூன் தொடக்கம் வரை தாக்குப்பிடிக்கும். 'மே ஃப்ளவர்' என்று இங்கே பலர் அதைச் சொல்வது சும்மா இல்லை.

மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரம். அந்த நாட்களில் போகவே கூடாது என்பதில்லை. பகல் 11 முதல் 3 வரை திறந்த வெளியில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். 2003 மே கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான ஊர் இது. விளையாட்டில்லை.

அன்றைய சாயங்காலம் எப்படி இருக்கும் என்பதை மதியமே தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. தரை சூடேறியதும் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். ராயபுரம், காசிமேடு பக்கம் அது முதலில் ஏறும். உள்ளே தள்ளியிருக்கும் மாதவரத்துக்குச் சற்றுத் தாமதமாகப் போய்ச் சேரும். மதியம் 12, 1 மணிக்குள் கிழக்கிலிருந்து காற்று வந்துவிட்டால் 4 மணிக்குப் பூங்கா சுகமாக இருக்கும். மேற்குக் காற்று விடாமல் அடித்துக் கடல்காற்றைத் தடுத்துக்கொண்டே இருந்தால் 5 மணி வரைக்கும் அனல்தான். அப்படியான நாளில் குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிப்போவதைத் தள்ளிப்போடுங்கள். மொட்டை மாடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தாலே போதும்.

இரவில் கோடைமழை பெய்தால் கொன்றையில் பாதி தரைக்கு வந்துவிடும். ஆனால் மறுநாள் விடியற்காலை போனால் மரத்தடி முழுக்க மஞ்சள் விரிப்பு. பெருக்குபவர்கள் வருவதற்கு முன்னால் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேண்டாம். பள்ளி விடுமுறையில் ஊஞ்சல் வரிசையும் டிக்கெட் வரிசையும் ஒரே நீளத்தில் நிற்கும். செவ்வாய், புதன், வியாழன் நல்லது. ஆனால் வாரத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காக மூடும் பூங்காக்கள் உண்டு. முந்தின நாளே போன் போட்டு, திறக்கும் நேரத்தையும் அன்று திறந்திருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

எங்கே போவது

வடசென்னைக்காரர்களுக்கு நடைமுறையில் மூன்று வழி இருக்கிறது.

முதலாவது கதீட்ரல் சாலையில் இருக்கும் செம்மொழிப் பூங்கா. பழைய உட்லண்ட்ஸ் டிரைவ் இன் உணவகம் இருந்த இடத்தில் 2010 நவம்பர் 24 அன்று திறந்தது; சுமார் 20 ஏக்கர். அந்த இடத்தில் முன்பே நின்ற பெரிய மரங்களை வெட்டாமல் சுற்றிலும் தோட்டம் போட்டதால் நிழல் தாராளம். முதல்முறை போகிறவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்போம். எதிர்ப்பக்கம் 2024 அக்டோபரில் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா. அதற்குத் தனி டிக்கெட், விலையும் அதிகம். கண்ணாடி மாளிகையும் ஜிப்லைனும் உண்டு. பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டால் விடமாட்டார்கள், இரண்டையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் இரண்டையுமே ஓடி ஓடித்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

போகும் வழி எளிது. விம்கோ நகரிலிருந்து வரும் மெட்ரோ நீலத் தடம் திருவொற்றியூர் தேரடி, காலடிப்பேட்டை, டோல்கேட், புதுவண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று வடசென்னை நெடுக வருகிறது. வண்டி மாறாமல் ஆயிரம் விளக்கு வரை போகலாம். அங்கே இறங்கி ஜெமினி மேம்பாலம் தாண்டினால் கதீட்ரல் சாலை. நடக்க முடியாத தூரமில்லை, ஆனால் வெயிலில் அந்த நடையிலேயே பாதித் தெம்பு போய்விடும். நாலு பேராக இருந்தால் நிலைய வாசலிலேயே ஆட்டோ பிடித்துவிடுங்கள். பேருந்தில் போவதாக இருந்தால், மகளிருக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் டிக்கெட் இல்லை என்பதைக் கணக்கில் வைக்கலாம்.

இரண்டாவது மாதவரம் பால்பண்ணைப் பகுதியில் இருக்கும் தோட்டக்கலைத் துறையின் தாவரவியல் பூங்கா. பெரம்பூர், வியாசர்பாடி, கொடுங்கையூர்க்காரர்களுக்கு இதுதான் பக்கம். மூலக்கடை அல்லது மாதவரம் ரவுண்டானா வந்து, அங்கிருந்து பால்பண்ணைப் பக்கம் போகும் பேருந்தோ ஷேர் ஆட்டோவோ எடுக்கலாம். செம்மொழிப் பூங்காவைவிட இளைய தோட்டம். வெளி அதிகம், நிழல் அடர்த்தி குறைவு. தொப்பி, குடை இல்லாமல் போகாதீர்கள். இன்னொன்று, மணலிக்குப் போய்வரும் கன்டெய்னர் லாரிகள் அந்தப் பக்கத்துச் சாலைகளை விட்டுவைப்பதில்லை. பைக்கில் முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை என்று கிளம்புவது வேண்டாம்.

மூன்றாவது அண்ணா நகர் டவர் பூங்கா. உலக வர்த்தகக் கண்காட்சிக்காக 1968-ல் எழுப்பிய கோபுரம் நடுவில் நிற்கிறது. வில்லிவாக்கம், அயனாவரம் பக்கத்தவர்களுக்கு ஒரு பேருந்து போதும். மற்றவர்கள் சென்ட்ரலில் பச்சைத் தடத்துக்கு மாறி அண்ணா நகர் டவர் நிலையத்தில் இறங்கலாம். கோபுரத்தில் ஏற விடும் நேரமாகப் போனால், பூத்த மரங்களின் தலையை மேலிருந்து பார்க்கும் வாய்ப்பு ஊருக்குள் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

வீட்டில் நடக்க முடியாத பெரியவர் இருந்தால் தூரத்தை மறந்துவிடுங்கள். பழைய வண்ணாரப்பேட்டையை ஒட்டிய ராபின்சன் பூங்கா போதும். 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்த இடம் என்பதால் அங்கே போனால் பெரியவர்களுக்குப் பேசவும் ஒரு விஷயம் கிடைக்கும்.

நாளை இரண்டாகப் பிரியுங்கள்

புதிதாகப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, காலை 10 மணிக்கு டிபன் முடித்துக் கிளம்பி 11 மணிக்குப் பூங்காவில் நிற்பது. அந்த நேரத்தில் தாமரை மூடத் தொடங்கியிருக்கும், மகிழம்பூவைப் பெருக்கித் தள்ளியிருப்பார்கள், வெயில் நேராகத் தலையில் இறங்கும், மஞ்சளும் சிவப்பும் வெளிறித் தெரியும். கட்டணப் பூங்காக்கள் பலவும் காலை 9, 10 மணிக்குத்தான் கவுன்டரைத் திறக்கின்றன. அதனால் விடியற்காலையை உங்கள் பகுதிக்கும், சாயங்காலத்தைப் பெரிய பூங்காவுக்கும் ஒதுக்குங்கள். நடுப்பகலை வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

காலை: திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலின் தலமரம் மகிழம். சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தது அந்த மகிழடியில்தான் என்பது தலபுராணம். மாசியில் மகிழடி சேவையும் நடக்கும். மகிழம் கோடையில் விட்டுவிட்டுப் பூக்கும். பூ இரவில் விரிந்து விடியலில் உதிரும். காலையில் நடை திறந்ததும் போனால், எந்த மகிழ மரத்தடியானாலும், சட்டை பட்டனைவிடச் சற்றே பெரிய, வெளிர் நிற நட்சத்திரப் பூக்கள் கிடக்கும். நடுவில் துளை இருக்கும். ஊசி இல்லாமலே வாழை நாரில் கோக்கலாம். காய்ந்த பிறகும் வாசம் போகாது, அதனால் துணிப்பெட்டியில் போட்டு வைப்பார்கள். கோயில் மரத்தில் கை வைக்க வேண்டாம், விழுந்ததைப் பொறுக்கினாலே போதும்.

அங்கிருந்து 8, 8.30 மணிக்குள் வீடு திரும்பிவிடலாம். பிறகு சமையல், தூக்கம்.

மாலை: 3 மணிக்குக் கிளம்பி 4 மணிக்குள் பூங்கா வாசலில் நில்லுங்கள். 6.30 வரை இரண்டரை மணி நேரம் கிடைக்கும். குடும்பத்தோடு போகும்போது அதற்கு மேல் யாருக்கும் கால் தாங்காது. கடைசி டிக்கெட் மூடும் நேரத்துக்குப் பல நிமிடம் முன்பே நின்றுவிடும் என்பதால் 5.30-க்குப் போய்ச் சேர்ந்துவிட்டு வாசலில் வாதாடிப் பயனில்லை.

பையில் என்ன

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், எவர்சில்வர் பாட்டிலில். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை; பூங்கா வாசலில் பையைத் திறந்து பார்த்து கவர், பிளாஸ்டிக் தட்டு எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்கள். துணிப்பை, எவர்சில்வர் டப்பா என்று கொண்டுபோனால் தகராறு இல்லை. சாப்பாட்டை உள்ளே விடாத பூங்காக்களும் உண்டு. அதையும் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். விடவில்லை என்றால் மெட்ரோவுக்குப் போகும் முன்பே சாப்பிட்டுவிட வேண்டியதுதான்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு. இல்லையென்றால் வீட்டிலேயே கலக்கலாம்: காய்ச்சி ஆறிய தண்ணீர் 1 லிட்டர், சர்க்கரை 6 டீஸ்பூன் தலை தட்டி, உப்பு அரை டீஸ்பூன். உப்பு கண்ணீரைவிடக் கரிக்கக்கூடாது.

சாப்பாட்டில் எது கெடும், எது நிற்கும் என்பதுதான் கோடைப் பயணத்தின் பாதி. தேங்காய்ச் சட்னியும் தேங்காய் சாதமும் நாலு மணி நேரத்தில் நூல் விடும், கொண்டுபோகவே வேண்டாம். புளிசாதம் இரவு வரை நிற்கும். எலுமிச்சை சாதம் பரவாயில்லை. தயிர்சாதத்தைத் தயிரில் பிசைந்தால் சாயங்காலம் வாயில் வைக்க முடியாமல் புளித்துவிடும். பாலில் பிசைய வேண்டும். 1 டம்ளர் பச்சரிசியை 4 டம்ளர் தண்ணீரில் குழைய வேக விட்டு, சூட்டோடு மசித்து, கைச்சூட்டுக்கு வந்ததும் காய்ச்சி ஆறிய பால் 2 டம்ளர், தயிர் 2 ஸ்பூன், உப்பு. இஞ்சி, கறிவேப்பிலை, கடுகு தாளித்துக் கொட்டுங்கள். மதியம் 12 மணிக்குப் பிசைந்தது 5 மணிக்குச் சரியான பதத்தில் இருக்கும். வெள்ளரியும் வெங்காயமும் போட்டால் தண்ணீர் விட்டு நீர்த்துவிடும். தொட்டுக்க மோர் மிளகாயோ உருளைக்கிழங்கு வறுவலோ. பிரியாணி இல்லாமல் பயணமே இல்லை என்கிற வீடாக இருந்தால், அதை மதியம் வீட்டிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். மூடிய டப்பாவில் வெயிலில் சுற்றிய கறி ஆபத்து.

இவற்றோடு ஒரு பருத்தித் துண்டு (நனைத்துக் கழுத்தில் போட), பெரியவர்களின் மாத்திரை, உட்கார ஒரு பழைய போர்வை, சில்லறை. யு.பி.ஐ. எல்லா இடத்திலும் ஓடும், சிக்னல் கிடைக்காத நேரம் தவிர. வாசனைத் திரவியம் போட வேண்டாம். பெரிய மரங்களில் மலைத்தேனீக் கூடு இருப்பதுண்டு, அவற்றின் கவனம் நம் பக்கம் திரும்பாமல் இருப்பதே நல்லது.

உள்ளே போனதும்

டிக்கெட் வாங்கியதும் எல்லோரும் முதல் பாத்தியிலேயே நின்று செல்ஃபி எடுப்பார்கள். நீங்கள் நேராகக் கடைசி மூலைக்குப் போய்விடுங்கள். கால் தெம்பாக இருக்கும்போது தூரத்தை முடித்துவிட்டு, வாசலை நோக்கித் திரும்பி வந்துகொண்டே பார்த்தால், களைத்துப்போன பிள்ளை எந்த இடத்தில் அடம்பிடித்தாலும் வெளியே போகும் வழி பக்கத்தில் இருக்கும். கழிப்பறை எங்கே, குடிநீர் எங்கே என்பதை நுழையும்போதே பார்த்து வையுங்கள்.

பூவைப் பார்க்கும் முறை: முதலில் இருபது முப்பது அடி தள்ளி நின்று முழு மரம், பிறகு அடியில் விழுந்த ஒரு பூவைக் கையில் எடுத்துப் பக்கத்தில். பறிப்பது குற்றம், பொறுக்குவதை யாரும் கேட்க மாட்டார்கள்.

கொன்றையில் தொடங்குவோம். மஞ்சளாகப் பூத்த எல்லாவற்றையும் கொன்றை என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். சரக்கொன்றை கீழ்நோக்கித் தொங்கும், ஒரு முழச் சரமாக. பெருங்கொன்றை மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். அதன் இலை புளிய இலைபோல் பொடிப்பொடியாக இருக்கும், பழைய காய்கள் செம்பு நிறத்தில் தட்டையாக மரத்தில் ஒட்டியிருக்கும். சாலையோரம் பெரும்பாலும் நீங்கள் பார்ப்பது இந்தப் பெருங்கொன்றைதான். சரக்கொன்றைக்குக் காய் கறுத்த உருளை, ஒன்றரை அடி நீளம். போன வருடக் காயும் இந்த வருடப் பூவும் ஒரே கிளையில் தொங்குவதைப் பார்க்கலாம்.

விழுந்த சரக்கொன்றைப் பூ ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஐந்து இதழ், நரம்பு தெரியும் மெல்லிய மஞ்சள். நடுவில் பத்து மகரந்தக் கம்பிகள், ஆனால் பத்தும் ஒன்றுபோல் இல்லை. மூன்று மட்டும் நீண்டு, கீழே இறங்கி, கொக்கிபோல் மேலே வளைந்திருக்கும். நான்கு நடுத்தர நீளம். மீதி மூன்று பொடிசு. பெரிய கருவண்டு வந்து பூவைக் கட்டிக்கொண்டு 'ர்ர்ர்' என்று உறுமுவது கேட்கும். அந்த அதிர்வில் நடுக்கம்பிகளிலிருந்து உதிரும் மகரந்தம் அதற்குச் சாப்பாடு, அதே நேரத்தில் நீண்ட கம்பிகள் அதன் முதுகில் தூவுவது அடுத்த பூவுக்குப் போகும். வண்டு உங்களை ஒன்றும் செய்யாது. அசையாமல் இரண்டு நிமிடம் நின்றால் பார்த்துவிடலாம்.

குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து வந்த மரம். ஐந்து இதழில் நான்கு சிவப்பு, ஒன்று மட்டும் வெள்ளையும் மஞ்சளும் கலந்து சிவப்புத் தெறித்திருக்கும். பிள்ளைகளுக்கு இதில் ஒரு விளையாட்டு பழகிக்கொடுங்கள்: விழுந்த மொட்டைப் பிரித்தால் உள்ளே தலை வளைந்த கம்பிகள் இருக்கும், ஆளுக்கு ஒன்று எடுத்துக் கழுத்தோடு கழுத்து மாட்டி இழுப்பது. தலை போனவர் தோற்றார். சேவல் சண்டை என்று பாட்டிமார்களுக்குத் தெரியும். ஒரு எச்சரிக்கை: குல்மோகர் கிளை முறுமுறு என்று ஒடியும். வேர் மேலோட்டமாகத்தான் ஓடும். இடிமழைக்காற்று எழும்பினால் அதன் அடியில் ஒதுங்காதீர்கள்.

நாகலிங்கம் இருந்தால் தவறவிட வேண்டாம். பூ கிளை நுனியில் இருக்காது. அடிமரத்திலிருந்தே தொங்கும் தனிக் கொத்துகளில் பூக்கும். தடித்த ஆறு இதழ், நடுவில் வட்டமாக ஒரு மேடை, அதன் ஒரு ஓரத்திலிருந்து மகரந்தக் கம்பிகளெல்லாம் ஒன்றாக எழுந்து படம் எடுத்துக் கவிழ்ந்திருக்கும். பெயர் நம் ஊர்ப் பெயர், மரம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. வாசம் காலையில்தான் தூக்கல். சாயங்காலம் போனால் பூ சோர்ந்திருக்கும். காய் பீரங்கிக் குண்டு அளவு, எடையும் உண்டு. எனவே மரத்துக்கு நேர் கீழே போர்வை விரிக்கக்கூடாது. விழுந்து உடைந்த காய் நாறும், கையில் எடுக்காதீர்கள்.

பூமருதுக்கு ஊதாப் பூ, கசங்கிய துணி இதழ்கள். வெயில் சாயும்போது நிறம் ஏறித் தெரியும். இட்லிப்பூ, செம்பருத்தி, காகிதப்பூ எல்லாம் கோடையில் நன்றாகவே இருக்கும், இவற்றுக்கு வழிகாட்டி தேவையில்லை. மரமல்லி எங்கே என்று கேட்டுக்கொண்டு அலைய வேண்டாம், அதன் காலம் ஐப்பசி, கார்த்திகை.

குளம் இருக்கும் தோட்டமென்றால் தாமரையைக் காலையில்தான் பார்க்க முடியும். உச்சி வெயிலுக்குள் குவிந்துவிடும். அல்லி இரவில் விரிந்து காலை வரை நிற்கும். பத்துமணிப் பூ வெயில் உறைத்தால்தான் கண் திறக்கும். அந்திமந்தாரை சாயங்காலம் 4 மணிக்கு மேல். மனோரஞ்சிதம் பூ பச்சையாக இருக்கையில் இலையோடு இலையாக மறைந்திருக்கும்; பழுத்து மஞ்சளானதும் வாசம் உங்களைத் தேடி வரும், அதுவும் பொழுது சாய்ந்த பிறகு. கோயில் வாசல்களில் நிற்கும் வெள்ளை ஈழத்தலரிக்கும் சாயங்கால வாசம்தான். எனவே வாசனைச் செடிகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் அரளி, செவ்வரளி இரண்டும் விஷம்: இலை, பூ, விதை, பால் எல்லாமே. பூவை வாயில் வைத்துத் தேன் உறிஞ்சும் பழக்கம் இட்லிப்பூவோடு நிற்கட்டும். சின்னப் பிள்ளைகளின் கையை அரளிப் பக்கம் போய்வந்ததும் கழுவிவிடுங்கள்.

போன் கேமராவில் எடுப்பவர்களுக்கு: வானத்தைப் பின்னணியாக வைத்தால் பூ கறுத்துவிடும், இருண்ட இலைகளைப் பின்னணியாக வையுங்கள். மஞ்சள் பூவைத் திரையில் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தால் இதழின் நரம்பு தெரியும்; குறைக்காவிட்டால் வெறும் மஞ்சள் திட்டுதான். பெரிய கேமராவுக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். கல்யாண போட்டோ எடுக்க முன்அனுமதி வாங்க வேண்டும்.

உடம்பு காட்டும் அறிகுறி

கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது, தலைவலி, குமட்டல், பிள்ளை சுருண்டு உட்கார்ந்துவிடுவது: இதெல்லாம் முதல் கட்டம். நிழலில் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, ஓ.ஆர்.எஸ். வாய் வாயாகக் கொடுங்கள். ஐஸ் தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்க வைத்தால் வாந்திதான் வரும். பேச்சு குழறினாலோ, தோல் கொதித்தாலோ, நினைவு தப்பினாலோ தாமதிக்காமல் 108. ஆம்புலன்ஸ் வரும்வரை கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் நனைத்த துணி வைத்து விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

வெளியே வந்ததும்

வெளியே நுங்கு, நன்னாரி சர்பத், மோர் எல்லாம் கிடைக்கும். சர்பத்தில் ஐஸ் வேண்டாம் என்று சொல்லி வாங்குங்கள், கடைக்கட்டி ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று யார் கண்டது. இரவுச் சாப்பாட்டுக்கு வழி தேடினால் மெட்ரோவில் மண்ணடியில் இறங்குங்கள். செகண்ட் லைன் பீச் தெருப் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைகள் நடை தூரம். தலைக்குப் பூ வேண்டுமென்றால் பூக்கடை, பத்ரியன் தெருப் பக்கம் ஒரு சுற்று. கோடை மல்லிகையின் பருவம், வரத்து அதிகம், விலை தணிந்திருக்கும். காலையில் வாங்குவதாக இருந்தால் இறுகிய வெள்ளை மொட்டாகப் பாருங்கள், சாயங்காலம் விரியும். பச்சை ஓடிய மொட்டு விரியாமலே வாடும்.

தோட்டக்கலைத் துறை விற்பனை நிலையத்தில் செடி வாங்க ஆசை வந்தால் சில விஷயம் கவனியுங்கள். பையின் அடித்துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்க வேண்டும். பழுப்பு வேர் சுருண்டு பிதுங்கினால் பையிலேயே மூத்துப்போன செடி. பூ நிறைய இருப்பதைவிட மொட்டு நிறைய இருப்பதை எடுங்கள். பைக்கில் கொண்டுவந்தால் காற்றிலேயே இலை கருகும், ஈரத்துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் மணல் தரை, உப்புக்காற்று, போர் தண்ணீரும் கரிக்கும். ரோஜா வாங்கி மாதாமாதம் வருத்தப்படுவதற்குக் காகிதப்பூ, நந்தியாவட்டை, ஈழத்தலரி போன்றவை எவ்வளவோ மேல். கரிக்கும் தண்ணீர்தான் என்றால் வாரம் ஒருமுறையாவது மெட்ரோ வாட்டரை (குழாயில் வரும் குடிநீரை) தொட்டியின் அடியில் வழியும் அளவு ஊற்றி, படிந்த உப்பைக் கழுவி வெளியேற்ற வேண்டும். இலை நுனி பழுப்பாகக் காய்ந்தால் அது தண்ணீர் போதாமை இல்லை, உப்பு.

வாங்கி வந்த அன்றே தொட்டி மாற்றாதீர்கள். ஒரு வாரம் மாடிப்படி நிழலில் பையோடு வையுங்கள், காலையும் மாலையும் தண்ணீர். பிறகு ஒரு நாள் சாயங்காலம், செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்து 10 அங்குலத் தொட்டியில் வைத்து, மண் உருண்டை உடையாமல் பையைக் கத்தியால் கிழித்து இறக்குங்கள். எண்ணூர்ப் பக்கத்து மணல் என்றால் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிய பிறகே கலக்க வேண்டும். அடுத்த பத்து நாளைக்குக் காலை வெயில் மட்டும். அக்னி நட்சத்திரம் முடியும்வரை உரம் எதுவும் போட வேண்டாம்.